சூரியனைப் பாடிய கண்கள்

(ஜூபிலி விழாவையொட்டிச் சடையங்குப்பத்தில் ஆற்றிய உரை)

 

இத்தாலி நாட்டின் பழம்பாடல் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சடையங்குப்பத்துக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் புனித சூசையப்பர் மீது 'தேம்பாவணி' பாடினார். அதைப் பாடுமுன் தமிழர் மொழியையும் மரபையும் மாணவராக அமர்ந்து கற்றார். அந்த மரியாதையை அவர் நாட்டுக் கவிதைக்கு நாமும் செய்வதுதானே முறை?

அசிசி நகரப் புனித பிரான்சிஸ் 1225-ஆம் ஆண்டில் இயற்றிய 'படைப்புகளின் பாடல்' என்பதே அது. சூரியனைச் சகோதரன் என்றும், தண்ணீரைச் சகோதரி என்றும் அழைத்து இறைவனைப் புகழ்வது. படித்தவுடன், பூந்தோட்டத்தில் அமர்ந்து பறவைகளோடு கொஞ்சிப் பாடியதாகத் தோன்றும். வரலாற்றைப் பார்த்தால் நிலைமை வேறு.

அப்போது அவருக்குக் கண்நோய் முற்றியிருந்தது. வெளிச்சம் பட்டாலே வேதனை. சான் தமியானோ என்னும் இடத்தில் இருட்டறையில் படுத்திருந்தார் என்று உடனிருந்தவர்கள் எழுதிவைத்துள்ளனர். சூரியனைப் பார்க்க முடியாதவர்தான் சூரியனைப் பாடினார்! பின்னர் வைத்தியர்கள் காய்ச்சிய இரும்பால் அவருக்குச் சூடு வைத்தார்கள். அந்த நெருப்பையும் அவர் சகோதரன் என்றே அழைத்தார்.

அடுத்து, மொழியைக் கவனியுங்கள். அக்காலத்தில் கோயிலிலும் நீதிமன்றத்திலும் இலத்தீனே ஆண்டது. துணி வியாபாரியின் மகனான பிரான்சிஸோ சந்தையில் புழங்கிய உம்பிரியப் பேச்சில் பாடினார். எழுத்தறியாதவரும் பாட முடிந்தது. பிற்பாடு தாந்தே தமது பெருங்காவியத்தைத் தாய்மொழியில் படைத்து, அதில் பிரான்சிஸின் வரலாற்றையும் வைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலியைத் தமிழில் கேட்ட நம் முதியவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

பாடலின் நடுவே மன்னிப்பைப் பற்றிய பகுதி ஒன்று வருகிறது. சூரியன், நிலா என்று போகும் பாட்டில் மன்னிப்பு எப்படி நுழைந்தது? அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் சண்டை. ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அவரோ, ஆயரோடு யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது என்று பறைசாற்றினார். நம் பக்கத்தில் ஊர்விலக்கு என்கிறோமே, அதுவேதான். பிரான்சிஸ் இந்தப் பகுதியைப் புதிதாகச் சேர்த்து, இருவர் முன்னிலையிலும் சகோதரர்களைப் பாடச் செய்தார். இருவரும் தழுவிக்கொண்டார்கள் என்கிறது வரலாறு. மரணத்தைப் பற்றிய கடைசிப் பகுதி, அவர் 1226 அக்டோபர் 3-ஆம் நாள் இறப்பதற்குச் சற்று முன்பு சேர்ந்தது.

ஆக, கவிதையை அதன் காலத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் கனம் தெரிகிறது. துன்பமில்லாதவன் பாடிய இன்பப்பாட்டு அல்ல இது. நோயும் பகையும் சூழ்ந்த ஊரில் பிறந்த பாட்டு.

இதன் சொற்களையே தலைப்பாக்கித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலை எழுதினார். தண்ணீரைச் சகோதரி என்று சொல்வது இங்கே எளிதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்ததைக் கண்டோம். மீனவர் வலையும் படகும் கறுத்தன. சகோதரி என்று உண்மையாகவே நம்பினால், அவளுக்கு நேர்ந்ததைக் கண்டு வாய்மூடி இருக்க முடியாது. அவளுக்காக நியாயம் கேட்கவேண்டும். நம் வீட்டுக் குப்பையைக் கால்வாயில் கொட்டுவதையும் நிறுத்தவேண்டும்.

இந்த ஜூபிலி ஆண்டில் நமக்குள் பேசாதிருக்கும் குடும்பங்கள் பேசட்டும்; நம் நீர்நிலைகளைக் காக்க நாம் ஒன்றுகூடுவோம். எண்ணூறு ஆண்டுப் பழமையான அந்தப் பாட்டை அப்போது நாமும் மனம் கூசாமல் பாடலாம்.