மாத்திரைத் தூளுக்குள் ஒரு நெசவு

(நம் குடியிருப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எலக்ட்ரான் நுண்ணோக்கி பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர். அதைப் படமில்லாமல் விளக்க ஒரு வழி இருக்கிறது. இன்று இரவு மொட்டை மாடிக்குப் போய், தூரத்தில் தெரியும் ஒரு சின்ன விளக்கைக் குடைத் துணி வழியாகப் பாருங்கள். ஒரே விளக்குதான், ஆனால் சுற்றிலும் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும். துணியைத் திருப்பினால் புள்ளிகளும் திரும்பும். நெசவு நெருக்கமாக இருந்தால் புள்ளிகள் விலகி நிற்கும். உங்கள் பிள்ளைகளின் இயற்பியல் பாடத்தில் 'விளிம்பு விளைவு' என்று வருவது இதுதான்.

உப்பு, சர்க்கரை, மாத்திரையில் இருக்கும் மருந்து எல்லாம் பெரும்பாலும் படிகங்கள். அணுக்களால் நெய்த துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெசவு மிக நெருக்கம். விளக்கு வெளிச்சத்தின் அலை அதற்கு மிகப் பெரிது. எலக்ட்ரானும் அலைபோல் நடக்கும் என்று 1927இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தை வைத்துக் காட்டினார்கள். 200 கிலோவோல்ட் நுண்ணோக்கியில் அந்த அலையின் நீளம் சுமார் 0.0025 நானோமீட்டர். படிகத்தைத் தாண்டி அது விழும் புள்ளிகளை அளந்து, அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்கிடலாம்.

இதற்குத்தான் எக்ஸ்ரே இருக்கிறதே என்பீர்கள். எக்ஸ்ரே படிகத்தைக் கண்டுகொள்ளாமல் போகிற ஆள். அதற்குக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்காவது படிகம் வேண்டும். அதை வளர்க்கச் சில நேரம் மாதங்கள் ஆகும், வளராமலே போவதும் உண்டு. எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதால் அணுவோடு பலமாக மோதிச் சிதறும். ஆகவே தூளில் ஒரு துணுக்கு போதும். ஆனால் அந்தப் பலமே வம்பு. படிகம் கொஞ்சம் தடித்தால், ஒருமுறை சிதறிய எலக்ட்ரான் உள்ளேயே மறுபடி மறுபடி சிதறும். இருட்டாக இருக்க வேண்டிய இடத்திலும் புள்ளி முளைக்கும், கணக்கு குழம்பும். இதனால் பல ஆண்டுகள் இந்த முறையை நம்பப் பலர் தயங்கினார்கள். தயங்கியதில் நியாயமும் இருந்தது. மெல்லிய துணுக்கை எடுத்து, குளிரூட்டி, மிகக் குறைந்த எலக்ட்ரானை விட்டு, படிகத்தை மெதுவாகச் சுழற்றியபடியே பதிவு செய்யும் முறை 2013, 2014 வாக்கில்தான் வந்தது.

நமக்கு இதில் என்ன? ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1996இல் வந்தது. 1998இல் அதன் காப்ஸ்யூல்கள் திடீரென்று கரைதல் சோதனையில் தேறவில்லை. மூலக்கூறு அதேதான், ஒரு அணுகூட மாறவில்லை. அடுக்கு மட்டும் மாறி, எளிதில் கரையாத புதிய படிகம் உருவாகியிருந்தது. கரையாத மருந்து ரத்தத்தில் எப்படிச் சேரும்? காப்ஸ்யூலை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உயிரை நம்பி அதை விழுங்கியவர்கள், குடிக்கவே முடியாத ருசியுள்ள திரவ மருந்துக்கு மாற வேண்டியிருந்தது.

2018இல் ஐரோப்பாவில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும், சாதாரண மருந்துத் தூளிலிருந்தே பாராசிட்டமாலின் அணு அடுக்கை எலக்ட்ரானைக் கொண்டு கண்டுகாட்டின. அமெரிக்கக் குழு நான்கு பொருள்களைக் கலந்த தூளிலும் ஒவ்வொரு துணுக்கையும் தனித்தனியே அடையாளம் கண்டது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டு மாத்திரையைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட வேண்டாம். கரைகிறதா என்ற சோதனை ஆலையிலேயே நடக்கிறது. டீ வந்துவிட்டதாம், கேள்விகளை அங்கே கேளுங்கள்.