மீராபாய் தூக்கிய பாரம்



விறகுக் கட்டின் கனம் உங்களுக்குத் தெரியும். மணிப்பூரில் ஒரு சிறுமி விறகு சுமந்தாள். அண்ணன் தூக்க முடியாத கட்டை அவள் தூக்கினாள். அந்தச் சிறுமிதான் மீராபாய் சானு.

2016-இல் ரியோ நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. பளு தூக்குவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பாரத்தை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்க வேண்டும். மற்றதில் முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. முதல் வகையில் மீராபாய் 82 கிலோ தூக்கினார். இரண்டாவதில் மூன்று முறையும் தவறிவிட்டது. அப்படியானால் முதலில் தூக்கியதும் கணக்கில் சேராது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

விளையாட்டையே விட்டுவிடலாமா என்று நினைத்தார். யாருக்குத்தான் தோன்றாது? ஆனாலும் மறுபடி பயிற்சிக்குப் போனார். 2017-இல் உலகப் போட்டியில் 194 கிலோ தூக்கித் தங்கம் வென்றார்.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக். அதே மூன்று வாய்ப்பு. மேடை ஏறினால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அது நோய் அல்ல. இதயம் வேகமாகத் துடித்து, தசைகளுக்கு அதிக ரத்தம் அனுப்புகிறது. உடம்பு வேலைக்குத் தயாராகிறது. படபடப்பு அடங்கட்டும் என்று காத்திருக்க முடியாது. அதோடுதான் தூக்க வேண்டும்.

முதல் வகையில் 87 கிலோ. அடுத்ததில் 110, பிறகு 115. மொத்தம் 202 கிலோ! கடைசியாக 117 கிலோவுக்கு முயன்றார். அது தவறியது. அதற்குள் வெள்ளிப் பதக்கம் உறுதியாகியிருந்தது.