பச்சை மேசையைச் சுற்றிப் பத்துப் பேர்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் முதல் உலகப்போர்ப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். காரணங்கள், கூட்டணிகள், உடன்படிக்கைகள் என்று கரும்பலகை நிறையும். மாணவர்களும் நன்றாகவே தேர்வு எழுதுவார்கள். ஆனால், போர் என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரிந்ததா? அந்த ஐயத்தில்தான் ஒருமுறை ஒரு நடனப் படத்தை வகுப்பில் திரையிட்டேன்.

'பச்சை மேசை' என்பது ஜெர்மானியரான கர்ட் யோஸ் அமைத்த நாட்டிய நாடகம். 1932இல் பாரிஸில் நடந்த நடன அமைப்புப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. எட்டுக் காட்சிகள். இரண்டு பியானோக்களின் இசை. பேச்சு கிடையாது. அமெரிக்காவின் ஜாப்ரி பாலே குழு ஆடிய பதிவு 1982இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அத்தகைய பதிவுகளால்தான் நம்மாலும் அதைப் பார்க்க முடிகிறது.

முதல் காட்சியில், முகமூடியும் கறுப்பு உடையும் அணிந்த பத்துப் பேர் ஒரு பச்சை மேசையைச் சுற்றி வாதிடுகிறார்கள். வணங்குகிறார்கள், விரல் நீட்டுகிறார்கள், முறைக்கிறார்கள். முடிவில் துப்பாக்கி வெடிக்கிறது. அடுத்து எலும்புக்கூட்டுத் தோற்றத்தில் மரணம் வருகிறது. வீரன், தாய், இளம்பெண் என ஒவ்வொருவரையும் வெவ்வேறு விதமாக அழைத்துக்கொள்கிறது. களைத்துப்போன முதிய தாயிடம் மட்டும் ஏறக்குறைய கனிவாகவே நடந்துகொள்கிறது. கடைசிக் காட்சியில் மீண்டும் அதே மேசை, அதே பத்துப் பேர், அதே வாதம்.

முதல் பிரிவில் நான் ஒரு தவறு செய்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி விளக்கினேன். பிள்ளைகள் திரையை விட்டுவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் அடுத்த பிரிவில் வாய் திறக்கவில்லை. அந்த வயதுக்கு ஏற்ற நான்கு காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் காட்டினேன்.

முடிந்ததும் ஒரு மாணவன் கேட்டான்: "சார், செத்தவங்கள்ல அந்த மேசைக்காரங்க ஒருத்தர்கூட இல்லையே?" என்னிடம் உடனடி பதில் இல்லை. பிறகு ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: "எங்க அண்ணன் மிலிட்டரிக்குப் போனப்ப, ஸ்டேஷன்ல அம்மா இப்படித்தான் சார் நின்னாங்க." வகுப்பு அமைதியானது. அன்று பாடம் நடத்தியது நான் அல்லன்.

இதை உருவாக்கியவரின் வாழ்க்கையையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். 1933இல், குழுவிலிருந்த யூதர்களை நீக்கும்படி நாஜிகள் யோஸை வற்புறுத்தினார்கள். இந்த நாடகத்துக்கு இசையமைத்த ஃபிரிட்ஸ் கோஹனும் அவர்களுள் ஒருவர். யோஸ் மறுத்தார். குழுவோடு நாட்டைவிட்டு வெளியேறினார். மேடையில் சொன்னதை வாழ்விலும் காப்பாற்றிய மனிதர் அவர்.

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது சிறியதுதான். முழுப் படத்தையும் முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். வகுப்புக்கு ஏற்ற காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். திரையிடும்போது பேசாதீர்கள். முடிந்தபின், "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "என்ன புரிந்தது?" என்று கேட்டால் பிள்ளைகள் சரியான விடையைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். பார்த்ததைச் சொல்ல எல்லாப் பிள்ளைக்கும் முடியும்.