இறங்கியதும் தூக்க வேண்டாம்

ஓசூரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு, இரவெல்லாம் கண் விழித்து லாரி ஓட்டி, விடியற்காலையில் கோயம்பேடு வந்து சேரும் ஓட்டுநர் ஒருவர், கதவைத் திறந்து, அவ்வளவு உயரத்திலிருந்து ஒரே தாவலாகத் தரையில் குதித்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிச் சற்றே நிமிர்ந்துவிட்டு, உடனே பின்பக்கம் போய் மூட்டைக்குத் தோள் கொடுக்கும் காட்சியைக் காணும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது.

மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பதாலும், வண்டியின் அதிர்வு இருக்கை வழியாக இடைவிடாமல் முதுகெலும்பில் ஏறுவதாலும், எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளும் அவற்றைக் காக்கும் தசைகளும் களைத்துப்போயிருக்கும் அந்தத் தருணத்தில், சரீரம் பாரத்துக்குச் சிறிதும் ஆயத்தமாக இருப்பதில்லை. ஆகையால் சில நிமிஷங்கள் மெல்ல நடந்து, ஒரு டீ குடித்துவிட்டு, அதன் பிறகு மூட்டையைத் தொடுவது சோம்பல் அல்ல, அவசியம். இறங்கும்போதும் வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியை விடாமல், படிப்படியாக இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் பிழைக்கும்.

சுமையின் அளவும் சாமானிய விஷயமன்று. வயது வந்த ஆண் ஒருவர் தாமே தூக்கிச் செல்லும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-லேயே சிபாரிசு செய்தது. நம் சிமெண்டு மூட்டை 50 கிலோ; வரம்புக்குள் அடங்கியதுதான் என்றாலும், ஒரே காலைப்பொழுதில் அதை எத்தனை தடவை தூக்குகிறார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டாமா? ஒரு தள்ளுவண்டியும், லாரித் தளத்தின் மட்டத்துக்குக் கட்டிய ஒரு மேடையும் இருந்தால், குனிந்து எடுக்கும் சிரமத்தில் பெரும்பகுதி ஒழியும். அவற்றை அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு கிடங்கின் சொந்தக்காரருடையது.