சுற்றுலாவையும் கொத்தனார் பயிற்சியையும் சேர்த்துப் பேசுங்க!

மதுரையில் நடந்த நம் தகவல் தொழில்நுட்ப அணியின் பயிற்சிக் கூட்டத்தில், அணித் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க வார்டு குரூப்ல பகிருங்க.

---



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. தலைப்பு, நகர வளர்ச்சி. பெரிய தலைப்பு. அதுல ரெண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன். ஒண்ணு, மதுரைச் சுற்றுலா. இன்னொண்ணு, கட்டுமானத் தொழிலாளர் பயிற்சி.

எந்த ஊர் மாமன்றத்திலயும் இந்த ரெண்டும் ஆய்வுக்கு வந்தா தனித்தனியாத்தான் வரும். சுற்றுலான்னா வீடியோ, விளம்பரப் பலகை, மின்விளக்கு அலங்காரம். பயிற்சின்னா "இத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம்"னு ஒரு எண்ணிக்கை. ரெண்டும் படிக்கப்படும், பதிவு செய்யப்படும், முடிஞ்சிடும். நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான்: மதுரையைப் பொறுத்தவரை இந்த ரெண்டையும் ஒரே பொருளா வச்சு ஆய்வு பண்ணணும். ஏன்னு சொல்றேன்.

என்னைப் பத்தி ஒரு வரி சொல்லிக்கிறேன். நான் சிவில் இன்ஜினியரிங் முடிச்சவன். எங்க அப்பா கொத்தனார். எங்க அம்மா சித்தாள். நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது, லீவுல அப்பாகூட ஒரு சைட்டுக்குப் போனேன். சுவர்ப் பூச்சு வேலை. கலவையோட விகிதம், தண்ணி அளவு, எத்தனை நாள் நீராத்தணும், எல்லாத்தையும் நான் மனப்பாடமா சொன்னேன். அப்பா ஒண்ணும் பேசலை. கரண்டியைக் கையில கொடுத்தாரு. நான் அடிச்ச கலவையில பாதி என் கால்ல விழுந்துச்சு. "படிச்சதெல்லாம் சரிதாம்ப்பா, கை இன்னும் படிக்கல"ன்னாரு. அன்னைக்கு நான் கத்துக்கிட்ட பாடம் இன்னைக்கு வரைக்கும் மறக்கலை.

இப்ப சுற்றுலாவுக்கு வருவோம். மதுரைக்கு வர்றவங்க என்ன பார்க்க வர்றாங்க? மீனாட்சியம்மன் கோயில். திருமலை நாயக்கர் மஹால். தெப்பக்குளம். காந்தி மியூசியம். இப்ப பக்கத்துலயே கீழடி. 2023 மார்ச் 5-ஆம் தேதி அங்க அருங்காட்சியகம் திறந்ததுக்கு அப்புறம், மதுரைக்கு வர்றவங்க அங்கயும் ஒரு எட்டு போயிட்டு வர்றாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இது அத்தனையும் கொத்தனார் வேலை, கல்தச்சர் வேலை. கீழடிக் குழிக்குள்ள எட்டிப் பார்த்து நாம பெருமைப்படுறது எதை? செங்கல் கட்டுமானத்தை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல மண்ணுக்குள்ள கிடந்த அந்தச் செங்கலை வரிசை பிடிச்சு வச்சவர் பேரு நமக்குத் தெரியாது. ஆனா அவரு கை தெரியுது.

நாயக்கர் மஹாலை எடுத்துக்குங்க. 1636-ல கட்டினது. முன்னாடி இருந்ததுல நாலுல ஒரு பங்குதான் இன்னைக்கு நிக்குதுன்னு சொல்றாங்க. அந்த அளவாவது நிக்கிறதுக்குக் காரணம், 1866-லிருந்து 1872 வரைக்கும் சென்னை மாகாண ஆளுநரா இருந்த நேப்பியர் காலத்துல நடந்த பழுதுபார்ப்பு. அதாவது, கட்டினது ஒரு தலைமுறைக் கொத்தனாருங்க, காப்பாத்தினது இன்னொரு தலைமுறைக் கொத்தனாருங்க. அடுத்த தலைமுறை எங்க இருக்கு? இதுதான் என் கேள்வி.

இது சும்மா மேடைக்காகக் கேக்குற கேள்வி இல்லைங்க. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி ராத்திரி நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மீனாட்சியம்மன் கோயில்ல தீப்பிடிச்சு வீரவசந்தராயர் மண்டபம் சேதமான ராத்திரி. எங்க தெருவுல யாருமே தூங்கலை. அதுக்கப்புறம் அந்த மண்டபத்தைப் பழையபடி கொண்டுவர எத்தனை வருஷம் இழுத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தூணுக்குத் தகுந்த கல்லை நாமக்கல் மாவட்டத்துலயிருந்து கொண்டுவர வேண்டியிருந்துச்சு. அந்தக் கல்லைச் செதுக்கத் தெரிஞ்ச ஆளும் வேணும். சிமெண்டை ஊத்தி ரெண்டு மாசத்துல முடிக்கிற வேலை இல்ல அது. பணம் ஒதுக்கிடலாம், உத்தரவு போட்டுடலாம். தொழில் தெரிஞ்ச கையை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. அதை வளர்க்கத்தான் முடியும்.

டெக்னிக்கலா ஒண்ணு சொல்றேன், பொறுத்துக்குங்க. மஹால் மாதிரி பழைய கட்டடம் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். சுவருக்குள்ள ஏறுற ஈரத்தை மெதுவா வெளியே விட்டுடும். அந்தச் சுவர் மேல இன்னைக்கு ஒருத்தர் நல்ல எண்ணத்துலதான் சிமெண்ட் பூசுறாரு. ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். உப்பு பூத்துத் தள்ளும். கொஞ்ச வருஷத்துல பூச்சு மட்டும் விழாது, பழைய செங்கல்லையும் சேர்த்துப் பேர்த்துக்கிட்டு விழும். ரிப்பேர் பண்றேன்னு போய்க் கட்டடத்தைக் காலி பண்ணிட்டு வர்ற கதை இது. சுண்ணாம்பை நீத்து, ஊற வச்சு, மணல் சேர்த்து அரைச்சு, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் விட்டுப் பதம் பார்க்குற வேலையை எங்க தாத்தா செஞ்சாரு. எங்க அப்பா சின்ன வயசுல கூட நின்னு பார்த்திருக்காரு. எனக்குப் புத்தகத்துலதான் தெரியும். மூணு தலைமுறையில ஒரு தொழில் கையிலயிருந்து கண்ணுக்குப் போய், கண்ணுலயிருந்து காகிதத்துக்குப் போயிடுச்சு.

"அப்ப பயிற்சி கொடுக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. கொடுக்கிறாங்க. ஆனா எப்படிக் கொடுக்கிறாங்கன்னு பாருங்க. சில வருஷத்துக்கு முன்னாடி எங்க அப்பாவும் ஒரு பயிற்சிக்குப் போனாரு. எந்த நிறுவனம்னு சொல்லலை, அது முக்கியமும் இல்ல. முதல் நாள் காலையில ஏசி ரூம்ல ஸ்லைடு போட்டாங்க. முப்பது வருஷம் சுவர் கட்டினவருக்குச் செங்கல்னா என்னன்னு படம் காட்டினாங்க. அன்னைக்குக் கூலி போச்சு. ரெண்டாவது நாளும் கூலி போச்சு. மூணாவது நாள் அப்பா போகலை. "எனக்குத் தெரியாததைச் சொல்லிக் குடுத்தா கடன் வாங்கியாச்சும் போவேன். தெரிஞ்சதைக் கேக்கவா சம்பளத்தை விடுறது?" அப்படின்னாரு. அவரு பேரு எங்கயோ ஒரு பட்டியல்ல "பயிற்சி பெற்றோர்"னு இருக்கும்னுதான் நினைக்கிறேன்.

எங்க அம்மா கதை வேற. இருபத்தஞ்சு வருஷமா கலவை சுமக்குறாங்க. கையில ஒரு உருண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தே மணல் ஜாஸ்தியா, தண்ணி ஜாஸ்தியான்னு சொல்லிடுவாங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட அவங்க கையில கரண்டியைக் கொடுத்து "நீ பூசும்மா"ன்னு சொன்னதில்ல. சித்தாளாச் சேர்ந்தாங்க, சித்தாளாவே ரிட்டையர் ஆகப் போறாங்க. பயிற்சின்னு ஒண்ணு இருந்தா அது முதல்ல இந்த மாதிரிப் பெண்களைத்தான் தேடிப் போகணும். சித்தாளைக் கொத்தனார் ஆக்குறதுதான் பயிற்சி.

இன்னொண்ணும் சொல்லணும். இன்னைக்கு மதுரை சைட்டுல ஒடிசா, பீகார்னு பல ஊர்லயிருந்து வந்தவங்களும் நிக்கிறாங்க. அவங்களைக் கிண்டல் பண்ணி மீம் போடுறதை நம்ம பசங்களே சில பேர் செய்யறாங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க. அதே சாரத்துலதான் எங்க அப்பாவும் நிக்கிறாரு. சாரம் சரிஞ்சா ஊர் பேரு கேட்டு விழாது.

சரி, காசு எங்க இருக்கு? இதைத்தான் நம்ம அணி கவனிக்கணும். 1982-ல தமிழ்நாட்டுல உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. 1994-ல கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துச்சு. 1996-ல மத்தியச் சட்டமும் வந்துச்சு. இன்னைக்கு நிலைமை என்னன்னா, பெரிய கட்டடம் கட்டுறவங்க கட்டுமானச் செலவுல 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குக் கட்டணும். அதை வசூல் பண்றது யாரு? கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கிற உள்ளாட்சி அமைப்பு. சுற்றுலாவுக்காக 5 கோடியில ஒரு ஹோட்டல் எழும்புதுன்னு வைங்க, அதுலயிருந்து 5 லட்சம் தொழிலாளிக்கு. அப்ப சுற்றுலா வளர வளரத் தொழிலாளி நிதியும் வளருது. ரெண்டும் ஒரே பொருள்னு நான் சொன்னது இப்பப் புரியுதா?

உடனே ஒருத்தர் கேப்பாரு: "தம்பி, கோயில் அறநிலையத் துறைகிட்ட இருக்கு. மஹால் தொல்லியல் துறைகிட்ட இருக்கு. வாரியம் தொழிலாளர் துறைகிட்ட இருக்கு. மாநகராட்சிக்கு இதுல என்ன வேலை? அவங்களுக்குக் குடிதண்ணியும் குப்பையும் பார்க்கவே நேரம் பத்தலையே?" நியாயமான கேள்விதான். ஆனா வரைபட அனுமதி மாநகராட்சி கையில. கோயிலைச் சுத்தி இருக்கிற வீதி மாநகராட்சி கையில. நடைபாதை, கழிப்பறை, பேருந்து நிலையம்னு மாநகராட்சி விடுற டெண்டர் மாநகராட்சி கையில. "இந்த வேலையில பயிற்சி முடிச்ச கொத்தனார் இத்தனை பேராவது இருக்கணும், அவங்களுக்கு அதுக்கேத்த கூலி இருக்கணும்"னு டெண்டர்ல ஒரு நிபந்தனை சேர்த்தா, அடுத்த மாசமே பயிற்சிக்கு ஆள் தானா வரும். சான்றிதழுக்கு மரியாதை அப்பத்தான் வரும்.

அதனால, 100 வார்டு கவுன்சிலர்கள்கிட்டயும் இந்த அஞ்சு கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். நம்ம கவுன்சிலரா, அடுத்த கட்சிக் கவுன்சிலரான்னு பார்க்காதீங்க.

1. போன நிதியாண்டுல வரைபட அனுமதியோட வசூலான தொழிலாளர் நல நிதி எவ்வளவு? அது முழுசா வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சா?

2. பயிற்சி முடிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு ஆறு மாசம் கழிச்சுக் கூலி ஏறியிருக்கு? சான்றிதழ் எண்ணிக்கை மட்டும் வேண்டாம்.

3. பயிற்சி நாளுக்கு அன்னன்னைக்கே படி கொடுக்கிறாங்களா?

4. பயிற்சி பெற்றவங்கள்ல பெண்கள் எத்தனை பேர்? அவங்கள்ல கொத்தனார் கூலிக்கு மாறினவங்க எத்தனை பேர்?

5. சுண்ணாம்புக் காரை, சுதை வேலை, கல் வேலை தெரிஞ்ச பெரியவர்கள் நம்ம ஊர்ல யார் யார் இருக்காங்கன்னு ஒரு கணக்கெடுப்பு உண்டா? அவங்களை ஆசிரியரா வச்சுப் பயிற்சி நடத்தத் துறைகள்கிட்ட பேசியாச்சா?

இதைக் கேக்க மாமன்றத்துக்குள்ள போகணும்னு அவசியம் இல்ல. வார்டுல பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்க. மனுவா எழுதிக் கொடுங்க. ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. அதைப் போட்டோ எடுத்து நம்ம பக்கத்துல போடுங்க. பதில் வரலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. பதில் கையில வர்றதுக்கு முன்னாடி யாரும் ஒரு நம்பரைக்கூட கார்டுல போடாதீங்க. தப்பான ஒரு நம்பர் போதும், நம்ம சொன்ன பத்து உண்மையும் அதோட போயிடும்.

கடைசியா ஒரு விஷயம். இதைச் சொல்ல எனக்கே வெட்கமா இருக்கு.

இந்த உரைக்குக் குறிப்பு எடுத்துக்கிட்டு இருந்தப்ப, அப்பாவோட வாரிய அட்டையை வாங்கிப் பார்த்தேன். காலாவதியாகி மூணு வருஷம் ஆச்சு. அப்பாவுக்கு இப்ப 58. வாரியத்துல 60 வயசு வரைக்கும்தான் பதிவு. அதுக்குள்ள அட்டை உயிரோட இல்லைன்னா, ஓய்வூதியம் கேட்டு எந்தக் கதவைத் தட்டுறது? ஊருக்கெல்லாம் நலத்திட்டக் கார்டு டிசைன் பண்ணிப் போடுறவன் நான். லைக் எத்தனை, ஷேர் எத்தனைன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் எண்ணுறவன். என் வீட்டுல இருக்கிற ஒரு அட்டையை எடுத்துப் பார்க்கலை.

இன்னைக்குக் காலையில கிளம்பும்போது அப்பா கேட்டாரு, "என்னடா பேசப் போற?" "உங்களைப் பத்தித்தான்ப்பா." அவரு செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னாரு: "என்னைப் பத்திப் பேசி என்னத்துக்கு ஆகப் போகுது? அந்த அட்டையை மொதல்ல புதுப்பிச்சுக் குடு."

திங்கட்கிழமை முதல் வேலை அதுதான். இங்க இருக்கிற ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தெருவுல ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ரெண்டு பேரோட அட்டையை வாங்கிப் பாருங்க. இல்லைன்னா பதிவு பண்ணிக் கொடுங்க, காலாவதியா இருந்தா புதுப்பிச்சுக் கொடுங்க. இணையத்துல பண்றதுதான், நம்மகிட்ட போன் இருக்கு, நெட் இருக்கு, நேரமும் இருக்கு. அடுத்த கூட்டத்துல யாரு எத்தனை போஸ்ட் போட்டீங்கன்னு கேக்க மாட்டேன். எத்தனை அட்டைன்னுதான் கேப்பேன்.



#மதுரை #கட்டுமானத்_தொழிலாளர் #ஒரு_தெரு_ரெண்டு_அட்டை