மந்திரத்தால் முடியாதது

(சங்கத்தின் குடும்ப விழாவில் ஆற்றிய உரை)



நம் சபையில் உபந்யாசம் நடக்கும், கச்சேரி நடக்கும். இன்று பிள்ளைகள் படிக்கும் மாயாஜால நாவல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு மாற்றலாகிப் புது ஊருக்குக் குடிபோனோம். பேரன் அப்போது ஆறாம் வகுப்பு. புதுப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு சிநேகிதன்கூட இல்லை. எந்நேரமும் ஹாரி பாட்டரும் கையுமாக உட்கார்ந்திருப்பான். பரீட்சை சமயத்தில் ஒரு நாள் கோபத்தில் புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவன் அழவில்லை. "அந்தப் பையனுக்கும் புது ஸ்கூல்ல யாரையும் தெரியாது, தாத்தா" என்று மட்டும் சொன்னான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அலமாரியைத் திறந்து நானே படிக்க ஆரம்பித்தேன்.

ஜே.கே. ரௌலிங் எழுதிய ஏழு பாகங்களில் முதலாவது 1997-லும், கடைசி 2007-லும் வெளிவந்தன. தாய் தந்தையை இழந்து, பெரியம்மா வீட்டு மாடிப்படிக்கு அடியில் வேண்டாத பிள்ளையாக வளர்ந்த ஹாரிக்கு, 11 வயதாகும்போது மந்திரப் பள்ளியில் இடம் கிடைக்கிறது.

மந்திரம் தெரிந்தால் எதையும் சாதித்துவிடலாமே, பிறகு கதையில் என்ன ருசி? சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. நல்ல மாயாஜாலக் கதையில் மந்திரத்துக்குக் கண்டிப்பான எல்லை உண்டு. அந்தப் பள்ளியில் ஒரு கண்ணாடி. பார்ப்பவரின் மனதில் உள்ள ஆழ்ந்த ஆசையை அது காட்டும். ஹாரிக்கு அதில் இறந்துபோன அப்பாவும் அம்மாவும் தெரிகிறார்கள். இரவில் திரும்பத் திரும்பப் போய் அதன் முன் உட்காருகிறான். ஆனால் எந்த மந்திரமும் அவர்களைத் திருப்பித் தராது.

நமக்கு இது புதிதல்ல. ஹிரண்யகசிபு வாங்கிய வரத்தில் உள்ளே, வெளியே, பகல், இரவு என்று எத்தனை நிபந்தனை! எல்லையில்லாத வரமாக இருந்திருந்தால் நரசிம்மாவதாரக் கதையே இல்லை.

மந்திரம் கைகொடுக்காத இடத்தில் பிள்ளைகள் தாங்களே முடிவெடுக்க வேண்டும். நெவில் என்றொரு பயந்த சுபாவமுள்ள பையன். மந்திரமும் அவனுக்குச் சரியாக வராது. நண்பர்கள் விதியை மீறி இரவில் கிளம்பும்போது அவர்களையே வழிமறித்து நிற்கிறான். அந்தத் துணிவுக்காகக் கிடைத்த 10 புள்ளிகள்தான் கடைசியில் அவர்கள் அணிக்குக் கோப்பையை வாங்கித் தருகின்றன.

உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' இன்னும் ஒரு படி மேலே போகிறது. கெட் என்ற மாணவன் கர்வத்தால் தன் வித்தையைக் காட்டப்போய் ஒரு கொடிய நிழலை உலகில் விட்டுவிடுகிறான். ஓடிப் பார்க்கிறான், தப்ப முடியவில்லை. பிறகு அவனே அதைத் துரத்திப் பிடித்துத் தன் பெயராலேயே அழைக்கும்போதுதான் விடுதலை. செய்த தப்பைத் தன்னுடையதென்று ஒப்புக்கொள்வது பெரியவர்களுக்கே கஷ்டம். அதை நாம் உபதேசமாகச் சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறுமா? கதையிலோ மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார்கள்.

இந்த வகையில் வரும் எல்லாப் புத்தகமும் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பாடத்தை விட்டுவிட்டுப் படிக்கட்டும் என்றும் சொல்லவில்லை. பிடுங்குவதற்கு முன் பத்துப் பக்கமாவது நாம் படித்துப் பார்க்கலாம்.

மறுநாள் காலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "எதுவரைக்கும் படிச்சே, தாத்தா?" என்றான். கண்ணாடி வரைக்கும் என்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவன் என்னிடம் வாய் திறந்தது அன்றுதான்.

உங்கள் பேரன் பேத்தியிடம் இன்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உன் கதையில் மந்திரத்தால் முடியாதது எது?" பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்.