கூப்பிடும் விதமும் கூலியும்



நிறவெறி சாட்டையிலும் தூக்குக் கயிற்றிலும் மட்டும் இல்லை. அன்றாடப் பேச்சிலும் இருக்கிறது. 1967-ல் வெளிவந்த 'இன் தி ஹீட் ஆப் தி நைட்' என்ற அமெரிக்கப் படம் இதை நமக்குக் காட்டுகிறது.

பிலடெல்பியா நகரத்துத் துப்பறியும் அதிகாரியாக, கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியர் நடித்தார். மிசிசிப்பி மாநிலத்தில் ரயிலுக்குக் காத்திருந்தவரைக் கொலைகாரன் என்று பிடித்துப் போகிறார்கள். அதிகாரி என்று தெரிந்த பின்னும் பேச்சு மாறவில்லை. வளர்ந்த மனிதரை "பையா" என்கிறார்கள். உன் ஊரில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று உள்ளூர்ப் போலீஸ் தலைவர் ஏளனம் செய்கிறார். 'மிஸ்டர்' போட்டுத்தான் என்று முகத்துக்கு நேரே பதில் வருகிறது. "டேய்" கேட்டுப் பழகிய நமக்கு அந்தப் பதிலின் சூட்டை விளக்க வேண்டியதில்லை.

இது வெறும் கதையா? இல்லை. 1963-ல் அலபாமா நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண்ணை அரசு வழக்கறிஞர் வெறும் "மேரி" என்றார். மரியாதையாக 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைக்கும்வரை பதில் சொல்ல அவர் மறுத்தார். கிடைத்தது 50 டாலர் அபராதம், 5 நாள் சிறை! 1964-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

ஏன் இந்தப் பிடிவாதம்? பையனுக்குப் பையன் கூலி போதும் என்பது வேலை வாங்குகிறவன் கணக்கு. அதனால்தான் 1968-ல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, "நான் ஒரு மனிதன்" என்ற அட்டையைத் தாங்கி நடந்தார்கள். சங்க அங்கீகாரமும் கூலி உயர்வும் பெற்றார்கள்.

ஆகவே தோழர்களே, பாட்டையும் சண்டையையும் மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். படத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதையும் கவனிப்போம்.